எட்டு மணி நேர லே-ஓவரும் ஒரு நீள பெஞ்சும்

நீண்ட லே-ஓவரை எப்படிக் கழிப்பது என்று தேடிப் பாருங்கள். வந்து விழுகிற கட்டுரைகள் அத்தனையும் ஒரே அச்சு. வெளியே போய் ஊரைச் சுற்றிப் பாருங்கள். லவுஞ்சுக்குப் போய் வெந்நீரில் குளியுங்கள். டியூட்டி ஃப்ரீயில் ஷாப்பிங் செய்யுங்கள். ஸ்பாவில் காலைப் பிடித்துவிடச் சொல்லுங்கள். இதற்கு மேல் நான் படிப்பதில்லை. எழுதினவர் யார் என்று அதற்குள் தெரிந்துவிடும். அவர் பாஸ்போர்ட் எந்த நிறம் என்பதும் தெரிந்துவிடும் :-)

நான் சொல்ல வருவது இதுதான். அந்தக் கட்டுரைகள் நமக்காக எழுதப்பட்டவை இல்லை. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கிளம்புகிறவனுக்கு லே-ஓவர் என்பது போனஸாகக் கிடைத்த விடுமுறை இல்லை. அவன் தலையில் கட்டப்பட்டது. அந்த நேரத்தில் அவனுக்கு வேண்டியது மூன்றே மூன்று: கால் நீட்டிப் படுக்க ஒரு இடம், காசு கேட்காத தண்ணீர், பயமில்லாமல் கொஞ்ச நேரம் கண்ணை மூட வசதி. இந்த மூன்றையும் கேட்பது பிச்சை இல்லை, ஏற்கனவே காசு கட்டியாச்சு. எப்படி என்று கீழே சொல்கிறேன். கோவையில் விமான நிலையத்தைப் பெரிதாக்கப் போகிற இந்தச் சமயத்தில் கேட்காமல் விட்டால், அடுத்த முப்பது வருடம் கைப்பிடி வைத்த இரும்பு நாற்காலியில் கழுத்து ஒடிந்து உட்கார வேண்டியதுதான்.

முதலில், நமக்கு ஏன் லே-ஓவர்?

பீளமேட்டில் விமானம் இறங்க ஆரம்பித்தது 1940இல். சர்வதேச விமான நிலையம் என்ற அந்தஸ்து வந்தது 2012இல். இங்கிருந்து நேரே போகிற வெளிநாட்டு ஊர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். ஷார்ஜாவுக்கு ஏர் அரேபியா, சிங்கப்பூருக்கு ஸ்கூட், 2024 ஆகஸ்டிலிருந்து அபுதாபிக்கு இண்டிகோ. இடையில் சில வருடம் கொழும்புக்கும் பறந்தார்கள். துபாய்க்கு நேரடி விமானம் வேண்டும் என்று இங்குள்ள தொழில் அமைப்புகள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

ஆள் இல்லாமலா விமானம் இல்லை? திருப்பூரிலிருந்து பனியன் வாங்குகிற நாடு எத்தனை, இங்கிருந்து பம்ப்செட்டும் கிரைண்டரும் போகிற ஊர் எத்தனை. காரணம் வேறு. வெளிநாட்டு விமானம் ஒரு ஊரில் இறங்க வேண்டும் என்றால் இரண்டு அரசாங்கங்களுக்கு இடையே ஒப்பந்தம் வேண்டும். எந்த ஊர், வாரத்துக்கு எத்தனை சீட் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். இது போதாதென்று நம் ஓடுதளத்தின் நீளம் மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நீட்டுவதற்கான நிலம் எடுப்பு பத்து வருடத்துக்கும் மேல் இழுத்தது. இப்போதுதான் 600 ஏக்கருக்கு மேல் நிலம் விமான நிலைய ஆணையத்தின் கைக்குப் போயிருக்கிறது.

அதனால் நம் ஆட்களுக்கு வழி மூன்று. சாயங்காலம் ஒரு ஃப்ளைட்டைப் பிடித்துச் சென்னைக்குப் போய் நடுராத்திரி ஃப்ளைட்டுக்காகத் தவம் கிடப்பது. வாளையார் தாண்டி, பாலக்காடு, திருச்சூர் வழியாக டாக்ஸியில் நெடும்பாசேரிக்குப் போய், லேட்டாகிவிடுமோ என்று ஐந்து மணி நேரம் முன்னாலேயே இறங்குவது. அல்லது ஷார்ஜாவிலோ சிங்கப்பூரிலோ மாறுவது. டிக்கெட் விலை குறைய வேண்டும் என்றால் லே-ஓவர் கூட வேண்டும். இது எல்லா வெப்சைட்டிலும் எழுதாத சட்டம். நாலு மணி நேர லே-ஓவர் டிக்கெட்டை வசதிப்பட்டவன் வாங்குகிறான், பதினாலு மணி நேர டிக்கெட்டை கடன் வாங்கி வேலைக்குப் போகிறவன் வாங்குகிறான். ஆக, ஏர்போர்ட்டில் அதிக நேரம் கிடப்பவன்தான் குறைவாகக் காசு வைத்திருப்பவன். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் "பத்து யோசனை" கட்டுரைகளைத் திரும்பப் படியுங்கள். சிரிப்பு வரும், கொஞ்சம் கோபமும் வரும்.

"வெளியே போய் ஊரைப் பாருங்களேன்"

பார்க்கலாம்தான். விடுவார்களா?

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் மாறுகிற இடம் அது. சாங்கி விமான நிலையம் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் லே-ஓவர் உள்ளவர்களை இலவசமாக ஊர் சுற்றிக் காட்டுகிறது. ஆஹா என்று ஓடாதீர்கள். சிங்கப்பூருக்குள் நுழைய விசா தேவைப்படும் நாட்டுக்காரர் கையில் அந்த விசா இருக்க வேண்டும். நமக்குத் தேவைப்படும். 2019இல் திறந்த ஜுவல் என்ற கண்ணாடி மாளிகை, அதன் நடுவில் 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் செயற்கை அருவி, போட்டோவில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அது இமிக்ரேஷனுக்கு வெளியே இருக்கிறது. விசா இல்லாதவன் டெர்மினல் மாறுகிற குட்டி ரயிலில் போகும்போது ஜன்னல் வழியாக ஒரு நொடி பார்த்துக்கொள்ளலாம். கோவைக் குற்றாலத்தைப் பஸ்ஸிலிருந்தே பார்த்துவிட்டு வந்த மாதிரி.

விசா இல்லாமல் 96 மணி நேரம் வெளியே போகவும் சிங்கப்பூரில் ஒரு சலுகை உண்டு. யாருக்கு? அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா மாதிரி சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்கு. மெல்போர்னுக்கு எம்.எஸ். படிக்கப் போகிற என் கிளாஸ்மேட் வெளியே போய் லிட்டில் இந்தியாவில் தோசை சாப்பிடலாம். அதே விமானத்தில் வந்து, மெஷின் பார்க்க வியட்நாம் போகிற திருப்பூர் ஃபிட்டர் அண்ணன் உள்ளேயே உட்கார வேண்டும். ஏற்கனவே ஒரு கதவு திறந்தவனுக்கு இன்னொரு கதவு. இதுதான் உலக நியாயம்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் 48 மணி நேர டிரான்சிட் விசாவுக்குக் கட்டணம் கிடையாது, 96 மணி நேரத்துக்கு 50 திர்ஹாம். ஆனால் அங்கே இறங்கிவிட்டுக் கேட்டால் கிடைக்காது. முன்கூட்டியே விமான நிறுவனம் மூலமாக விண்ணப்பிக்க வேண்டும். இந்த விவரத்தை டிக்கெட் விற்கிற ஏஜென்ட் எத்தனை பேருக்குச் சொல்கிறார்?

பிரிட்டன் இன்னும் ஒரு படி மேலே. லண்டனில் ஏர்போர்ட்டை விட்டு வெளியே கூடப் போகாமல், ஒரு கேட்டிலிருந்து இன்னொரு கேட்டுக்கு நடப்பதற்கே இந்தியப் பாஸ்போர்ட்காரர் தனி விசா வாங்க வேண்டும். சில விதிவிலக்குகள் உண்டு, மறுபடியும் அமெரிக்க விசா மாதிரி ஏதாவது கையில் இருந்தால். ஊர் சுற்றும் யோசனையெல்லாம் அப்புறம், முதலில் அந்த வராண்டாவில் நடக்க அனுமதி வாங்குங்கள் என்கிறார்கள்.

"ஷாப்பிங் போங்களேன்"

இதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. உலகின் முதல் ஏர்போர்ட் டியூட்டி ஃப்ரீ கடை 1947இல் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் திறக்கப்பட்டது. ஏன் அங்கே? அன்றைய விமானங்களால் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஒரே மூச்சில் பறக்க முடியாது. பெட்ரோல் போட ஷானனில் இறங்கியே ஆக வேண்டும். இறங்கின பயணி ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிரெண்டன் ஓ'ரீகன் என்பவருக்கு வந்த யோசனைதான் அது. அதாவது டியூட்டி ஃப்ரீ கடையே லே-ஓவருக்குப் பிறந்த குழந்தை. பொழுது போகாதவன் பர்ஸைத் திறப்பான் என்கிற கண்டுபிடிப்பு.

இன்று குழந்தை வளர்ந்து வீட்டையே பிடித்துக்கொண்டது. செக்யூரிட்டி முடித்து பெல்ட்டை மாட்டிக்கொண்டே நிமிர்ந்தால் எதிரே சென்ட் பாட்டில். கேட்டுக்குப் போகிற வழியே கடைக்கு நடுவில் பாம்பு மாதிரி வளைந்து போகிறது. உட்கார நாற்காலி தேடினால் காபிக் கடைக்குள் இருக்கிறது, காபி வாங்கினால்தான் உட்காரலாம். கேட் பக்கத்தில் இருக்கிற நாற்காலியில் ஒவ்வொரு சீட்டுக்கும் நடுவே ஒரு கைப்பிடி. கையை வைத்துக்கொள்ளத்தான் என்று நினைத்தால் நீங்கள் ரொம்ப நல்லவர். படுத்துவிடக் கூடாது என்பதும் அதில் சேர்த்தி.

பாரிஸ் விமான நிலையத்தின் முதலாவது டெர்மினலில் மெஹ்ரான் கரிமி நாசேரி என்ற ஈரானியர் 1988லிருந்து 2006 வரை வாழ்ந்தார். காகிதச் சிக்கலில் மாட்டி ஆரம்பித்த அந்த வாழ்க்கை மொத்தம் பதினெட்டு வருடம். 2004இல் வந்த "தி டெர்மினல்" படத்துக்கு அவர் கதைதான் தூண்டுதல். அவருக்காவது சாய்ந்து படுக்க ஒரு நீளமான பெஞ்சு கிடைத்தது. இன்றைய டெர்மினலில் அவர் மாட்டியிருந்தால் பதினெட்டு வருடமும் உட்கார்ந்துகொண்டே தூங்கியிருக்க வேண்டும்.

"தம்பி, கடை இல்லாவிட்டால் ஏர்போர்ட்டுக்கு வருமானம் ஏது? டிக்கெட் விலை ஏறிடுமே" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி, பதில் சொல்கிறேன்.

உங்கள் டிக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள். விமானக் கட்டணத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் சில வரிகள் இருக்கும். பாதுகாப்புக் கட்டணம், அதோடு யூ.டி.எஃப். என்ற பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம். கட்டடத்துக்கும் வசதிக்கும் என்று பயணியிடமே வசூலிக்கிற காசு அது. பதினாலு மணி நேரம் கிடப்பவனும் கட்டுகிறான், நாற்பது நிமிடத்தில் ஏறிப் போகிறவனும் கட்டுகிறான். அடுத்தது, கடை வாடகையில் எவ்வளவு நமக்குத் திரும்பி வருகிறது? 2016இன் தேசிய விமானப் போக்குவரத்துக் கொள்கைப்படி, கடை, பார்க்கிங், விளம்பரம் ஆகியவற்றின் வருமானத்தில் 30 சதவீதம்தான் விமானம் சார்ந்த கட்டணங்களைக் குறைக்கப் பயன்பட வேண்டும். மீதி 70 சதவீதம் விமான நிலையத்தை நடத்துகிறவர் பக்கம். ஆகவே "கடை வைப்பதே உங்கள் நன்மைக்கு" என்பது முப்பது சதவீத உண்மை. அந்த முப்பதை ஒத்துக்கொள்கிறேன். கடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடைக்கு விட்ட இடத்தில் பத்தில் ஒரு பங்கு பெஞ்சுக்கு விடுங்கள் என்கிறேன்.

பெஞ்சு போட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்பதும் பொய். அதே சாங்கியில் காசில்லாமல் சாய்ந்து தூங்கும் இருக்கைகள், இலவச சினிமா, பட்டாம்பூச்சித் தோட்டம், குடிதண்ணீர்க் குழாய் எல்லாம் உள்ளேயே, விசா இல்லாதவனும் போகிற இடத்தில் இருக்கின்றன. கடையும் ஜேஜே என்று நடக்கிறது. தூங்கி எழுந்தவன்தான் காபி வாங்குவான்.

நம்ம ஆட்களிடமும் ஒரு சண்டை

மற்றவர்களைத் திட்டிவிட்டு நம்மை விட்டால் எப்படி. நம் ஊர்க்காரர்கள் லே-ஓவரைக் கழிக்கிற விதம் இருக்கிறதே! பையை மடியில் வைத்து, பாஸ்போர்ட்டைச் சட்டைக்குள் வைத்து, கேட் முன்னால் நட்டு வைத்த கம்பம் மாதிரி உட்காருவது. பாத்ரூம் கூடப் போவதில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்டால் "ஃப்ளைட்டு போயிருச்சுன்னா?" ஃப்ளைட்டுக்கு இன்னும் ஒன்பது மணி நேரம் இருக்குங்க மாமா!

எங்கள் சொந்தத்தில் ஒருத்தர், வளைகுடாவில் வேலை. ஒரு தடவை பதினாலு மணி நேரம் ஒரு ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்டார். தண்ணீர் பாட்டில் விலையை நம் காசில் பெருக்கிப் பார்த்துவிட்டு வாங்கவில்லை. குடிதண்ணீர்க் குழாய் பாத்ரூம் பக்கத்தில் இருந்ததால் அது குடிக்கிற தண்ணீரா என்று சந்தேகம், அதையும் தொடவில்லை. தரையில் துண்டை விரித்தவரைக் காவலர் எழுப்பிவிட்டார். வேலைக்குப் போய்ச் சேர்ந்த முதல் நாளே காய்ச்சல், அந்த நாள் சம்பளம் கட். இதைக் கேட்டுவிட்டு எங்கள் அம்மாயி கேட்டது: "ஏங்கண்ணு, அத்தாப் பெரிய கட்டடத்துல சித்த சாயறதுக்கு ஒரு திண்ணை இல்லியாக்கும்?"

இந்த ஒரு கேள்விக்கு விமானத்துறையில் யாராவது பதில் சொல்லட்டும்.

அதுவரை, பயத்தையாவது நாம் குறைத்துக்கொள்வோம். பயம் வருவது விவரம் தெரியாததால். விவரம் இதோ:

1. ஒரே பி.என்.ஆர்.-ல் இரண்டு ஃப்ளைட்டும் இருக்கிறதா, இல்லை தனித்தனி டிக்கெட்டா என்று கிளம்பும் முன்னாலேயே கேளுங்கள். ஒரே டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானால் அடுத்ததற்கு ஏற்பாடு செய்வது அவர்கள் பொறுப்பு. தனித்தனி என்றால் உங்கள் பொறுப்பு, பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டும். ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று தனித்தனியாக வாங்கித் தருகிற ஏஜென்டிடம் இதைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

2. வெறும் பாட்டில் ஒன்று கொண்டு போங்கள். 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிகுண்டுச் சதி பிடிபட்டதிலிருந்துதான் இந்த 100 மில்லி கெடுபிடி. காலி பாட்டிலுக்குத் தடை இல்லை. செக்யூரிட்டி தாண்டியதும் நிரப்பிக்கொள்ளலாம். குடிதண்ணீர் என்று போர்டு போட்ட குழாய் பாத்ரூமுக்கு எதிரே இருந்தாலும் அது குடிதண்ணீர்தான்.

3. கட்டுச்சோறு வெட்கம் இல்லை. பொடி தடவின இட்லி, புளிசாதம், முறுக்கு, கடலை மிட்டாய் எல்லாம் கைப்பையில் போகும். சட்னி, ஊறுகாய், தயிர் போகாது. பொள்ளாச்சிக்காரர்கள் கவனிக்க: கொப்பரைக்கு அனுமதி இல்லை. எண்ணெய்ச் சத்து அதிகம், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் பொருள் என்று விமான விதியில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

4. தூங்குங்கள். உங்கள் கேட்டுக்குப் பக்கத்திலேயே, பை வாரைக் காலில் மாட்டிக்கொண்டு, போனில் இரண்டு அலாரம் வைத்துவிட்டு. பல ஏர்போர்ட்டுகளில் இப்போது மைக்கில் கூப்பிடுவதில்லை, போர்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட் நம்பர் கடைசி நேரத்தில் மாறும். எழுந்ததும் முதல் வேலை போர்டைப் பார்ப்பது.

5. வைஃபைக்கு ஓ.டி.பி. கேட்பார்கள், ரோமிங் இல்லாத சிம்முக்கு அது வராது. டிக்கெட், விசா, போய்ச் சேரும் இடத்து முகவரி மூன்றையும் காகிதத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். போன் செத்தாலும் காகிதம் சாகாது.

சென்னையில் மாட்டினால்

நம் ஊர்க்காரனுக்கு விசா இல்லாமல் வெளியே போகக்கூடிய பெரிய லே-ஓவர் ஊர் சென்னை. ஆனால் அங்கேதான் யாரும் வெளியே போவதில்லை. கணக்குப் போடுவோம். எட்டு மணி நேரம் இருக்கிறது. கடைசி மூன்று மணி நேரம் செக்-இன், இமிக்ரேஷன், செக்யூரிட்டிக்கு. முதல் அரை மணி இறங்கி வெளியே வர. மீதி நாலரை மணி நேரம். பகல் நேரமாக இருந்து, பெட்டியை முதல் ஃப்ளைட்டிலேயே கடைசி ஊர் வரைக்கும் போட்டுவிட்டீர்கள் என்றால் அது உங்களுடையது. ஐந்து மணி நேரத்துக்குக் குறைவான லே-ஓவர் என்றாலோ, கையில் இரண்டு பெட்டி இருந்தாலோ வெளியே போகாதீர்கள்.

அந்த நாலரை மணி நேரத்துக்கு மெரினா வேண்டாம், டி.நகர் வேண்டவே வேண்டாம். விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ரயில் நிலையம். தாம்பரம் பக்கம் அடுத்த ஸ்டேஷன் பல்லாவரம். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் அங்கே ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். மனிதன் கையால் செதுக்கப்பட்ட கற்கோடரி அது. இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்று உலகுக்குத் தெரிந்தது அந்தக் கல்லால். ஏர்போர்ட்டுக்கு அடுத்த ஸ்டேஷனில்!

பீச் பக்கம் போனால் மூன்றாவது ஸ்டேஷன் பரங்கிமலை. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் இந்த மலைக்குப் பக்கத்தில்தான் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவுக்கு ஒரு நேர்கோட்டைச் சங்கிலி வைத்து அளந்தார். அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதையும் அளந்துகொண்டே போனார்கள். ஐம்பது வருடம் கழித்து எவரெஸ்டின் உயரத்தைக் கணக்கிட்டதும் அதே சர்வேயின் தொடர்ச்சிதான். படியேறி மேலே போனால் 1523இல் போர்ச்சுகீசியர் கட்டிய தேவாலயம், காற்று, கீழே நீங்கள் ஏறப் போகிற ரன்வே. பத்து இருபது ரூபாய் ரயில் டிக்கெட்டில் இவ்வளவும். எந்தப் "பத்து யோசனை" கட்டுரையாவது சொன்னதா?

ராத்திரி என்றால் இதெல்லாம் நடக்காது. அப்போது மறுபடி பெஞ்சுக்குத்தான் வருகிறோம். ஒரு நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும், 2025 பிப்ரவரியில் சென்னையிலும் "உடான் யாத்ரி கஃபே" என்று ஒன்று திறந்தார்கள். டீ 10 ரூபாய், தண்ணீர் பாட்டில் 10 ரூபாய், சமோசா 20 ரூபாய். திறந்த நாளிலிருந்து கூட்டம். இத்தனை வருடம் "ஏர்போர்ட் என்றால் அந்த விலைதான்" என்று சொன்னவர்கள் என்ன சொல்லப் போகிறார்கள்? முடியாது என்று சொன்னது எதுவும் முடியாததாக இருக்கவில்லை, யாரும் கேட்கவில்லை அவ்வளவுதான்.

நெடும்பாசேரியில் 2024 செப்டம்பரில் "0484 ஏரோ லவுஞ்ச்" திறந்தார்கள். ஒரு நாள் வாடகை இல்லை, மணிக்கணக்கில் அறை. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் முடிகிறது. இந்தப் பக்கம் ஏன் முடியாது?

பீளமேட்டில் என்ன கேட்க வேண்டும்

இந்தக் கணவாய் வழியாக ஆட்கள் போய்வருவது நேற்று ஆரம்பித்தது இல்லை. மேற்குக் கடற்கரையிலிருந்து கொங்கு வழியாகக் கிழக்கே போன வணிகப் பாதையில்தான் கொடுமணல் இருக்கிறது. அங்கே தோண்டியபோது கல்மணி செய்த பட்டறைகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. நடந்து போகிற காலத்திலும் லே-ஓவர் இருந்தது. அதற்கு நம் ஆட்கள் செய்த ஏற்பாடு என்ன? பாதையோரம் சுமைதாங்கிக் கல். தலைச்சுமையைத் தானே இறக்கி வைத்து, யார் உதவியும் இல்லாமல் திரும்ப ஏற்றிக்கொள்ளும் உயரத்தில் ஒரு கல்லு. ஊருக்கு ஊர் சத்திரம். வெயில் காலத்தில் தண்ணீர்ப் பந்தல். வீட்டுக்கு முன்னால் திண்ணை, யார் வேண்டுமானாலும் சாயலாம். யாரும் வழிப்போக்கனிடம் "முதலில் ஒரு சென்ட் பாட்டில் வாங்கு" என்று சொல்லவில்லை.

இன்றைக்கும் கோவை ஜங்ஷனில் வெயிட்டிங் ஹால் இருக்கிறது, ஓய்வறை இருக்கிறது, பிளாட்பாரத்தில் நீள பெஞ்சு இருக்கிறது. ரயில் டிக்கெட் வைத்திருப்பவனுக்குக் கிடைக்கிற மரியாதை பத்து மடங்கு காசு கொடுத்து விமான டிக்கெட் வாங்கினவனுக்குக் கிடையாது என்றால் எங்கேயோ இடிக்கிறது இல்லையா?

"பெஞ்சு போட்டால் கண்டவன் வந்து படுப்பான்" என்பது வழக்கமான பதில். எப்படி வருவான்? வாசலில் துப்பாக்கி வைத்த சி.ஐ.எஸ்.எஃப். வீரர் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் பார்த்துத்தானே விடுகிறார். உள்ளே இருப்பவன் எல்லாருமே காசு கட்டினவன். அவன்தான் அந்தக் "கண்டவன்".

கேட்க வேண்டியது பெரிய பட்டியல் இல்லை. ஒவ்வொரு ஹாலிலும் கைப்பிடி இல்லாத நீள பெஞ்சு சில வரிசை. விளக்கைக் குறைத்து வைத்த ஒரு தூங்கும் பகுதி, அதில் பெண்களுக்குத் தனியாக ஒரு பகுதி. கண்ணில் படுகிற இடத்தில், தமிழில் போர்டு போட்ட குடிதண்ணீர்க் குழாய். பத்து ரூபாய் டீ. பெட்டி வைத்துவிட்டுப் போக ஒரு இடம். இது இருந்தால் 2025 அக்டோபரில் அவிநாசி ரோட்டில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலத்தில் ஏறி, வெளியூர்க்காரனும் ஊருக்குள் போய் 1902இல் ஆரம்பித்த காஸ் வன அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வருவான். அவனுக்கும் இது லே-ஓவர் ஊர்தானே!

கட்டி முடித்த பிறகு கேட்டால் "டிசைனில் இல்லை" என்பார்கள். காகிதத்தில் கோடு போடும்போதே கேட்டால் ஒரு கோடு கூடப் போடுவது சுலபம். எம்.பி.யைப் பார்க்கிறவர்கள், தொழில் அமைப்புகளில் இருக்கிறவர்கள், விமான நிலைய ஆலோசனைக் கூட்டங்களுக்குப் போகிறவர்கள் துபாய் ஃப்ளைட்டைக் கேட்கும்போது கூடவே இதையும் கேளுங்கள். துபாய் ஃப்ளைட் வர இரண்டு அரசாங்கம் கையெழுத்துப் போட வேண்டும். பெஞ்சுக்கு ஒரு தச்சர் போதும்.

டிஸ்கி: விசா விதிகள் அடிக்கடி மாறும். கிளம்புவதற்கு முன் அந்தந்த நாட்டின் அதிகாரபூர்வ தளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிவை நம்பி ஹீத்ரோவில் இறங்கிவிட்டு என்னைத் திட்டாதீங்க :-)